ஒரு கைப்பிடி மணல், எத்தனை ஃபைல்?

'வைதேகி காத்திருந்தாள்' படத்துல கவுண்டமணியோட பெட்ரோமாக்ஸ் லைட்டை செந்தில் நோண்டி, மேண்டிலை உடைக்கிற சீன் எல்லாருக்கும் தெரியும். காதர்பேட்டை ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அந்த மேண்டிலும் பின்னலாடைதான். நூல்ல பின்னின ஒரு குட்டிப் பை. அதை தோரியம் நைட்ரேட் கரைசல்ல முக்கிக் காயவைப்பாங்க. முதல் தடவை பத்தவைக்கும்போது நூல் எரிஞ்சு போயிடும், தோரியம் ஆக்சைடோட கூடு மட்டும் நிக்கும். பளிச்சுனு வெளிச்சம் தர்றது அந்தக் கூடுதான். தொட்டா பொடியாகுறதும் அதனாலதான்.

அந்த தோரியம் எங்கிருந்து வந்துச்சு? 1909-ல ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ஞ்சு பார்த்தார். உள்ள மோனசைட் இருந்துச்சு. மணலைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் உளவாளின்னு சந்தேகப்பட்டு அவரைக் கைது பண்ணிட்டாங்க. தொழில் பிரிட்டிஷ் கைக்குப் போச்சு.

1945-ல ஹிரோஷிமா. அதுவரை விளக்குச் சாமானா இருந்த மணல் ஒரே நாள்ல ராணுவ ரகசியமாச்சு. காரணம், மோனசைட்ல சுமார் 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு, கூடவே 0.35 சதவீதம் யுரேனியம் ஆக்சைடு. 1946-ல திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஏற்றுமதிக்குத் தடை போட்டார். அடுத்த வருஷம் திருவிதாங்கூர் தனி நாடுன்னு அவர் அறிவிச்சப்போ கையில வெச்சிருந்த சீட்டுகள்ல இந்த மணலும் ஒண்ணு. அது நடக்கலை. 1948-ல அணுசக்திச் சட்டம் வந்தது. 1950-ல மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து ஐஆர்இஎல் நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி மாவட்டம் நம்ம பக்கம் வந்தது.

இங்கிருந்துதான் சிக்கல். கடற்கரையில ஒரு கைப்பிடி மணல் எடுங்க. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்தே இருக்கும். ஆனா சட்டம் அதைப் பிரிச்சுத்தான் பார்க்கும். அப்போ கார்னெட்டுக்கு குத்தகை தந்தது மாநில அரசு, சுரங்கத் திட்டத்தைச் சரிபார்த்தது இந்திய சுரங்கப் பணியகம். இல்மனைட் அணுக்கனிமப் பட்டியல்ல இருந்ததால அதுக்கு மத்திய அரசோட முன் ஒப்புதல் வேணும், திட்டத்தைப் பார்க்கிறது ஹைதராபாத்ல இருக்கிற அணுக்கனிம இயக்குநரகம். மோனசைட்டைக் கையாள அணுசக்தித் துறை உரிமம். கதிர்வீச்சு பாதுகாப்புக்கு, 1983-ல தொடங்கின அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். புறம்போக்கு நிலம் கலெக்டர் பொறுப்பு. கரையோர விதிகள் சுற்றுச்சூழல் துறை. கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போனா கஸ்டம்ஸ்.

நொய்யலைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது பழகின கதை. ஒரத்துப்பாளையம் அணை ஒரு துறை, சாயப்பட்டறை அனுமதி இன்னொரு துறை. கடைசியில 2011-ல ஐகோர்ட் சொல்லித்தான் பட்டறைகளை மூடினாங்க. கடற்கரையிலும் கிட்டத்தட்ட அதேதான் நடந்துச்சு.

1998-ல கடற்கரைக் கனிமத்துக்குள்ள தனியார் வர வழி திறந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியவே புரியாத விஷயம். 2006-ல அணுசக்தித் துறை ஒரு அறிவிக்கை போட்டு, இல்மனைட், ரூட்டைல், சிர்கானை தன்னோட கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. 2007 ஜனவரி 1 முதல் அது அமல். ஆனா சுரங்கச் சட்டத்தோட அணுக்கனிமப் பட்டியல்ல அதே பொருட்கள் அப்படியே இருந்துச்சு. ஒரு ஆபீஸ்ல சாதாரண சரக்கு, இன்னொரு ஆபீஸ்ல அணுக்கனிமம்! மோனசைட்டைப் பிரிச்சு பத்திரமா வைக்கணும்னு விதி இருந்துச்சு. அள்ளுறதோ கலந்த மணல். எந்தக் கரையில எத்தனை லாரி போச்சுன்னு தினமும் எண்ண வேண்டியது யார்? அனுமதி கொடுத்த டெல்லி ஆபீஸ் கரையில இல்லை. கரையில இருந்த தாசில்தார் கையில கதிர்வீச்சு அளக்கிற கருவி இல்லை.

2013 ஆகஸ்ட்ல தூத்துக்குடி கலெக்டர் ஆஷிஷ் குமாரோட குழு, மீனவர்கள் புகார் கொடுத்த பிறகு வைப்பாறு, வேம்பார் பக்கம் சோதனை போட்டது. கையோட கலெக்டருக்கு டிரான்ஸ்ஃபர். ஆனா விஷயம் அமுங்கலை. ககன்தீப் சிங் பேடி தலைமையில மாநில அரசு குழு போட்டது. தூத்துக்குடியில ஆரம்பிச்ச தடை, செப்டம்பர்ல நெல்லை, குமரிக்கும் வந்தது. 2018-ல மத்திய அரசு இந்தக் கனிம ஏற்றுமதியை ஐஆர்இஎல் வழியா மட்டும்னு மாத்தினது. 2019-ல தனியார் குத்தகைகளை முடிக்கச் சொன்னது. 2025 பிப்ரவரி 17 அன்னிக்கு சென்னை ஐகோர்ட், 5,832 கோடி ரூபாயை வசூலிக்கிற நடவடிக்கையை உறுதி செஞ்சு, சிபிஐ விசாரணைக்கும் உத்தரவிட்டது. அதிகாரிகளோட பங்கும் அந்த விசாரணைக்குள்ள வருது.

தனியார் போனதோட கதை முடியலை. இப்போ ஐஆர்இஎல், குமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கத் திட்டம் வெச்சிருக்கு. 2024 அக்டோபர் 1-க்கு வெச்ச கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பு கிளம்பினதும் தள்ளிப்போச்சு. எத்தனை துறை இருந்தாலும், மிடாலத்துலயும் இனயம்புத்தன்துறையிலயும் இருக்கிறவங்க நேர்ல கேள்வி கேட்க வாய்ப்பிருந்த இடம் அந்தக் கூட்டம்தான். 2025 செப்டம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அணுக்கனிமச் சுரங்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு அதுல இருந்துச்சு.