மணி அடித்தால் மட்டும் போதுமா?



நம் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டு மணி அடித்தபோது, ஏன் அடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதே மணி நள்ளிரவில் அடித்தால்? தீயா, வெள்ளமா, எந்த லயத்தில் என்று தெரியாமல் வாசலில் நின்று தவிப்போம். இயந்திரங்களைக் கண்காணிப்பவர்களுக்கும் இதே தவிப்பு உண்டு. அதன் வரலாற்றில் ஓர் இரவைப் பற்றிக் கூற விழைகிறோம்.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் தண்ணீர் செலுத்தும் பம்புகள் நின்றன. இரண்டாம் உலையில் அழுத்தம் ஏறவே, ஒரு வால்வு தானே திறந்தது. திறந்தது மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்றே பணியாளர்கள் நம்பினார்கள். உண்மையில், மூடுவதற்கான கட்டளை போயிற்று என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. (கட்டளை போட்டதுமே வேலை முடிந்ததாக நினைப்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்!)

முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள். எது பெரிது, எது அற்பம் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அவற்றைத் தாளில் பதித்த கணினி அச்சு இயந்திரம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியது. நடுவில் சிக்கியும் கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேலான பிறகே வேறொரு வால்வை மூடி ஒழுக்கை நிறுத்தினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

இதை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவர் ஜான் கெமனி, 1964இல் தாமஸ் கர்ட்சுடன் சேர்ந்து பேசிக் என்னும் கணினி மொழியை உருவாக்கியவர்.

கணினிகள் பெருகியபோது அவையே தங்கள் நிலையைச் சேதியாக அனுப்பலாயின. 1980களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் முறையில், அவசரத்தைக் காட்ட 0 முதல் 7 வரை எண் உண்டு. ஆனால் அதன் பழைய வடிவத்தில் தேதியோடு ஆண்டு இல்லை! 2009இல் வந்த விதிதான் ஆண்டையும் நேர மண்டலத்தையும் சேர்த்து, கூடுதல் விவரங்களுக்கும் இடம் ஒதுக்கியது.

இன்று சேதி மனிதரிடம் வருமுன்னே, அந்த இயந்திரம் எங்கே உள்ளது, எதற்குப் பயன்படுகிறது, யார் பொறுப்பு என்பதை வேறொரு பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள். தகவலைச் செறிவூட்டுதல் என்பது இதுவே. செக்ரோலில் ஓர் எண்ணைப் பார்த்ததும், ஆளின் பெயரையும் லயத்தையும் கிராணி சொல்வதைப் போல.

அந்தப் பதிவேடு பழையதாக இருந்தால், மாற்றலாகிப் போனவர் வீட்டுக் கதவைத்தான் நள்ளிரவில் தட்டுவார்கள்.