இடிக்குமுன் எடுத்த படங்கள்

பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னை, ரப்பர், செம்பனைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒருவரது நிலையை அவர் வீடே சொல்லிவிடும். துரைக்குப் பங்களா, கிராணிமாருக்குத் தனி வீடு, பாட்டாளிகளுக்கு வரிசை வரிசையாக லயங்கள். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். இத்தகைய ஏற்றத்தாழ்வைப் புகைப்படத்தில் காட்டினால் ஏழைக்கு நன்மை விளையுமா? உலக நகரங்கள் இரண்டின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில், நெரிசல் மிகுந்த பழைய சந்துகளை இடித்துச் சீரமைக்க 1866-இல் சட்டம் பிறந்தது. இடிக்குமுன் அவற்றைப் பதிவு செய்துவைக்கத் தாமஸ் அன்னான் என்பவரை அமர்த்தினார்கள். 1868 முதல் 1871 வரை அவர் படம் எடுத்தார். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். ஆகவே அசையாத சுவர்கள் தெளிவாக விழுந்தன. அசைந்த மனிதர்கள் மங்கிப்போயினர். அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களையும் அப்படங்கள் சொல்லவில்லை.

அடுத்தது நியூயார்க். டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர், 1887 முதல் வெளிச்சப்பொடியைக் கொளுத்தி, இருண்ட குடியிருப்புகளின் உட்புறத்தைப் படமெடுக்கச் செய்தார். 1890-இல் அவர் வெளியிட்ட நூல் வசதி படைத்தோரின் மனத்தை உலுக்கியது. மல்பெரி பெண்ட் என்னும் சேரி இடிக்கப்பட்டது. ஆனால் 1897-இல் அவ்விடத்தில் திறக்கப்பட்டது ஒரு பூங்கா. அங்கு குடியிருந்தவர்களுக்கான வீடுகள் அல்ல. படம் அவல நிலையை நீக்கியது. அதை அனுபவித்தவர்களுக்கு இடம் தரவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்களைக் கூறு போட்டு விற்கும் துண்டாடல் பரவியது. தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அப்போது பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தவணை தவணையாகச் செலுத்திய பணத்தைத் திரட்டிச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முன்சொன்ன இரு நகரங்களிலும் ஏழைகளின் இருப்பிடத்தைப் பற்றிப் பிறர் முடிவெடுத்தனர். இங்கோ தொழிலாளர்களே நிலத்துக்குப் பங்காளிகளாயினர்.

எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க முடியவில்லை. லயங்கள் பல மறைந்துவிட்டன. 2017-இல் தனி மாவட்டமாக உயர்ந்த பாகான் டத்தோவிலும் எஞ்சிய பழைய வீடுகளைப் படமெடுப்பது நல்ல பணியே. ஆனால் கூரையையும் சுவரையும் மட்டும் எடுத்தால் போதாது. அவ்வீட்டில் யார் வாழ்ந்தார்கள், எத்தனை ஆண்டு உழைத்தார்கள், வெளியேறியபின் எங்கே குடியேறினார்கள் என்பவற்றையும் கேட்டு, படத்தின் பின்னால் எழுதிவைக்க வேண்டும். முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.