கேட்டது வசதி, கிடைத்தது தண்டனை

1938 நவம்பர் 10. அம்பேத்கர் எழுதிய உரையை அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி உறுப்பினர் பி. ஜே. ரோகம் பம்பாய் மாகாணச் சட்டப்பேரவையில் வாசித்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி அரசு மக்களிடையே தீவிரப் பிரச்சாரம் செய்ய வேண்டும், அதற்குத் தேவையான வசதிகளையும் செய்து தர வேண்டும் என்பதே தீர்மானம். கருத்தரிப்பதா வேண்டாமா என்பது பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்தது என்றது அந்த உரை. தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பிரச்சாரம் ஊரெங்கும் வந்தது. வசதி என்று வந்தது பெரும்பாலும் அறுவை சிகிச்சை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடையின் பங்கு வெறும் 0.3 விழுக்காடு.

1993இல் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்தது. அதே பத்தாண்டில் ராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரம் உள்ளிட்ட மாநிலங்கள், இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் ஊராட்சிப் பதவிக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டன. எம்.எல்.ஏ., எம்.பி. பதவிகளுக்கு இந்த விதி கிடையாது. நாம் முதன்முறையாக நாற்காலியில் உட்கார வந்த இடத்தில் மட்டும் இந்தக் கதவு!

மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் வீட்டில் பெண்ணுக்கு உண்டா? இந்தக் கேள்வி 2003இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஜாவேத் வழக்கில், பெண்கள் அவ்வளவு கையறு நிலையில் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. பதவியைக் காப்பாற்ற மனைவியைக் கைவிட்டவர்கள், பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள் பற்றியெல்லாம் நிர்மலா புச்சின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

ஹரியானா 2006இல் இந்த விதியை நீக்கியது. ஆந்திரம் 2024இல் நீக்கியது. ஆனால் உரிமைக்காக அல்ல, பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்பதற்காக. இதற்கிடையே 2021இல் உத்தரப் பிரதேசச் சட்ட ஆணையத்தின் வரைவு, உள்ளாட்சித் தேர்தலில் அதே தடையை முன்மொழிந்தது.

பிள்ளை குறைய வேண்டுமென்றால் தண்டனை, கூட வேண்டுமென்றால் தளர்வு. இரண்டிலும் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தோழர்களே, மக்கள்தொகைச் சட்டம் என்று யார் பேச வந்தாலும் 1938இன் கேள்வியை நாம் முதலில் கேட்போம்: வசதி எங்கே, முடிவு யாருடையது?