சுண்ணாம்பு முதல் எமல்ஷன் வரை

பெயிண்ட் கடையில் டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல் என்று அடுக்கும்போது நாம் விலையைத்தான் கேட்கிறோம். நிறத்தைச் சுவரில் பிடித்து வைப்பது எது என்று கேட்டால், எதை எங்கே அடிப்பது என்பது தானாகவே விளங்கும்.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுண்ணாம்புக்குத் தனியாகப் பசை கிடையாது. நீர்த்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக இறுகிவிடும். சுவரின் ஈரமும் அதன் வழியே ஆவியாகி வெளியேறும். ஆனால் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும்.

டிஸ்டெம்பர் என்பது வெண்சுண்ணத் தூளை வஜ்ரத்திலோ பாலில் உள்ள கேசினிலோ குழைத்தது. பல நிறங்களில் கிடைத்தது. பழைய வகை, ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து வந்துவிடும். பிறகு எண்ணெய் சேர்த்த டிஸ்டெம்பர் வந்தது. அது ஓரளவு துடைப்பதைத் தாங்கும்.

கதவு, ஜன்னலுக்கு எண்ணெய்ப் பெயிண்ட். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு தோல்போல இறுகுகிறது. இன்றைய எனாமலில் எண்ணெயோடு செயற்கைப் பிசினும் உண்டு. வெண்மைக்கும், மஞ்சள் நிறத்துக்கும், சீக்கிரம் காய்வதற்கும் இந்த வகையில் ஈயம் சேர்த்து வந்தார்கள்.

எமல்ஷன் இவற்றுக்குப் பிந்தியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் செயற்கை ரப்பர் உற்பத்தி பெருகியது. போருக்குப் பின் அதே லேடெக்ஸைக் கொண்டு, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டை 1948-ல் கிளிடன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் அக்ரிலிக். தண்ணீர் போனதும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய படலமாகிவிடும். துடைக்கலாம், வாடையும் குறைவு.

இந்தப் படலம் எல்லாச் சுவருக்கும் ஆகாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டின் சுவர், தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதன்மேல் எனாமலோ கனமான எமல்ஷனோ அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பெயிண்ட் கொப்புளித்துக் காரையோடு பெயர்ந்து விழும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் உற்ற துணை.

இன்னொன்று ஈயம். 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பெயிண்ட்டைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் பல வீட்டுக் கதவுகளில் இருக்கிறது.

ஆகவே பழைய கதவை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, தீயால் சுட்டு உரிக்கவோ விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை முடியும்வரை பேரப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பெயிண்டரிடம் நிறத்தைச் சொல்வதற்கு முன், வீடு எந்த வருஷம், எதைக் கொண்டு கட்டியது என்பதைச் சொல்லுங்கள்.