போர்க்களமும் காண்போரும்: இரு திரைப்படங்கள்

திரைப்படத்தில் போர்க்காட்சி சிறப்பதற்குப் படைப்பெருக்கமே காரணம் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த 'வாட்டர்லூ' அவ்வெண்ணத்தின் உச்சம் எனலாம். 1815இல் நெப்போலியன் தோல்வியுற்ற போரைப் படமாக்கச் சோவியத் இயக்குநர் செர்கேய் பொந்தார்ச்சுக், இராணுவ வீரர் ஏறத்தாழ 15,000 பேரையும் குதிரை வீரர் 2,000 பேரையும் களத்தில் இறக்கினார். ஆங்கிலேயக் காலாட்படை சதுரம் சதுரமாக அணிவகுத்து நிற்க, பிரெஞ்சுக் குதிரைப்படை அவற்றைச் சுற்றிச் சுழல்வதை வானிலிருந்து காட்டும் காட்சி இன்றும் வியப்பளிப்பதே. எனினும் படம் வசூலில் வீழ்ந்தது. எந்த மேடு எவர் கையில் உள்ளது என்பது புகையில் மறைந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் மடிவோருள் ஓரிருவர் முகமே மனத்தில் பதிகிறது. வியப்புக்கு ஆயுள் குறைவு.

இதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே சப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா வேறு வழி கண்டிருந்தார். 1954இல் வெளிவந்த அவருடைய 'ஏழு சாமுராய்' படத்தில் களம் ஒரு சிற்றூர். காப்போர் எழுவரும் உழவரும். எதிரிகள் நாற்பது கொள்ளையர். போருக்கு முன் தலைவன் கம்பேய் வரைபடத்தை ஏந்தி ஊரைச் சுற்றிவருகிறான். மேற்கே வேலி, தெற்கே நீர் நிரப்பவேண்டிய வயல், கிழக்கே தகர்க்கவேண்டிய பாலம், வடக்கே காடு என்பவற்றைக் காண்போரும் உடன்நடந்து அறிகின்றனர். கொள்ளையர் தொகை தாளில் வட்டங்களாகிறது. ஒருவன் மடிந்தால் ஒரு வட்டம் அடிபடுகிறது. கணக்கப்பிள்ளையின் வேலையை ஒத்த இவ்வுத்தியே படத்தின் உயிர்நாடி. எஞ்சிய பதின்மூவரையும் ஒருசேர ஊருக்குள் விடுவது எனக் கம்பேய் முடிவு செய்யும்போது, அம்முடிவின் அச்சம் காண்போரையும் பற்றிக்கொள்கிறது. கொட்டும் மழையில் நிகழும் அவ்விறுதிப் போரைக் குரோசவா ஒரே வேளையில் பல படக்கருவிகளால் எடுத்தார். சேற்றில் வழுக்கி விழும் குதிரைகளுக்கு இடையிலும் எவர் எங்கு நிற்கிறார் என்பது தெளிவு.

இத்தெளிவு இன்பத்திற்கு மட்டும் துணைபோகவில்லை என்பது நோக்கத்தக்கது. கொள்ளையரிடம் மூன்று துப்பாக்கிகள் உள்ளன. எழுவருள் மாண்ட நால்வரும் குண்டுபட்டே மாள்கின்றனர். வாள்வீச்சில் நிகரற்ற கியூசோவும் அவ்வாறே சேற்றில் சாய்கிறான். அத்திறமைக்கு அங்கு வேலையே இல்லை. பகைவரின் வட்டங்கள் அடிபட அடிபட மகிழ்ந்த கண்கள் இவ்விழப்பையும் எண்ணியே ஆகவேண்டும். முன்னர்ப் பெற்ற மகிழ்ச்சி அப்போது கூசுகிறது. பெரும்படை காட்டிய படத்தில் இக்கூச்சம் அரிது.

இறுதியில் உழவர்கள் பாடிக்கொண்டே நாற்று நடுகின்றனர். மேட்டின்மேல் நான்கு மண்குவியல்கள். அவற்றில் ஊன்றிய வாள்கள்.