தந்தியில் இல்லாத பெயர்

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் திரண்டிருந்த ஈஸ்டர் கூட்டத்துக்கு நடுவே சில இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண் தெருவில் புகைப்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. மறுநாள் பத்திரிகைகள் இதைச் சுதந்திரத்தின் அடையாளமாக எழுதின. பெர்த்தா ஹண்ட் என்ற பெண் நிருபர்களிடம் காரணமும் சொன்னார்: தெருவில் ஓர் ஆண் தன்னைச் சிகரெட்டை அணைக்கச் சொன்னாராம், அப்போதுதான் இந்த யோசனை பிறந்ததாம்.

பெண்ணிய வரலாறு படிக்கிற எவரும் மயங்கக்கூடிய சான்று. நிகழ்ச்சி உண்மையிலேயே நடந்தது, பேசுபவரும் பெண்தான். ஆனால் ஹண்ட், எட்வர்ட் பெர்னேஸ் என்பவரின் செயலாளர். ஃபிராய்டின் தங்கை மகனான பெர்னேஸ், லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியிடம் பணம் வாங்கிய விளம்பர ஆலோசகர். ‘சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்’ என்று சிகரெட்டுக்குப் பெயர் கிடைத்தது, அவர் கலந்துபேசிய உளப்பகுப்பாய்வாளர் பிரில்லிடமிருந்து. பணக்கார வீட்டுப் பெண்களை அழைத்த தந்தியில் இருந்தது ஹண்டின் பெயர். கம்பெனியின் பெயர் இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது ரூத் ஹேலின் பெயர். திருமணத்துக்குப் பிறகும் பெண் தன் பெயரையே வைத்துக்கொள்ளும் உரிமைக்காக 1921-இல் லூசி ஸ்டோன் லீகைத் தொடங்கியவர் அவர். அவர் பெயரிலும் அழைப்பு வெளிவந்தது. ஹேலின் பெண்ணியத்தில் போலி இல்லை. அதனாலேயே அந்தப் பெயர் கம்பெனிக்குப் பயன்பட்டது.

பெர்னேஸ் பிற்பாடு, 1965-இல் வந்த தன்வரலாற்றில், எல்லாவற்றையும் தானே விலாவாரியாக எழுதினார். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெண்களைப் புகைக்க வைத்த சாமர்த்தியசாலி என்ற பெயர் அவர் தொழிலுக்கு நல்ல விளம்பரம். 1929-க்கு முன்பே பெண்களிடம் அந்தப் பழக்கம் பரவத் தொடங்கியிருந்தது.

இதை வகுப்பில் சொன்னால், கம்பெனி பணம் என்றாலே பொய் என்று மாணவிகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. 1970-இல் லூயிஸ் ஹாரிஸ் நிறுவனம் அமெரிக்கப் பெண்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. சமூகத்தில் பெண்களின் நிலையை மாற்றும் முயற்சிகளை அன்று ஆதரித்த பெண்கள் 40 சதவீதம். 1980-இல், ரோப்பர் நிறுவனம் நடத்திய அதே வரிசைக் கணிப்பில், 64 சதவீதம். பெண்ணிய ஆய்வுகள் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. அந்தக் கணிப்பின் பெயரிலேயே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் இருக்கிறது: பெண்களுக்கென்றே பிலிப் மோரிஸ் 1968-இல் சந்தையில் இறக்கிய சிகரெட்.

கணிப்பை நடத்தியவர்கள் தொழில் தெரிந்தவர்கள். எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெண்ணுரிமைப் பேச்சு எங்கே வந்தாலும் பக்கத்தில் தன் சிகரெட்டின் பெயரும் வரவேண்டும் என்றுதான் கம்பெனி செலவழித்தது. 1987 வாக்கில் அமெரிக்கப் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயை முந்திவிட்டது.

ஆய்வேட்டில் இந்த எண்களை எடுத்தாளும் மாணவிகளிடம், பணம் கொடுத்தவர் பெயரை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல், எண் வரும் வாக்கியத்திலேயே எழுதச் சொல்கிறேன்.