மனித நுண்ணுயிர்களின் பரிணாமப் பன்மை அளவீடு

மனித உடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தில் எத்தனை வகைகள் உள்ளன என்பதோடு, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்து உறவு என்பதையும் கணக்கில் கொள்ளும் முறை.

இத்துறையின் முன்கதையை டச்சுக்காரர் லீவன்ஹூக் 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். தம் பல்லழுக்கை மட்டுமல்லாது, ஆயுளில் வாயே சுத்தம் செய்திராத ஒரு முதியவரின் பல்லழுக்கையும் அவர் உருப்பெருக்கியில் பார்த்தார். கிழவர் வாயில் இருந்த நுண்ணுயிர்க் கூட்டம் லீவன்ஹூக்கையே மலைக்க வைத்தது. அதன்பின் நெடுங்காலம், ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தவையே கணக்கில் வந்தன. 1977இல் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையை வகுத்தனர்; நுண்ணுயிர்களை வளர்க்காமலே அடையாளம் காண இது வழிதிறந்தது.

அளவுகோல் வந்ததோ இயற்கைப் பாதுகாப்புத் துறையிலிருந்து. எந்த உயிரினங்களை முதலில் காப்பது என்ற கேள்விக்காக, ஆஸ்திரேலியாவின் டேனியல் ஃபெய்த் 1992இல் பரிணாம மரத்தின் கிளை நீளங்களைக் கூட்டும் முறையை முன்வைத்தார். இதன்படி நெருங்கிய உறவுடைய பத்து லாக்டோபேசில்லஸ் சிற்றினங்கள் உள்ள மாதிரியைவிட, தொலைதூரக் கிளைகளிலிருந்து வந்த பத்து சிற்றினங்கள் உள்ள மாதிரி அதிக மதிப்புப் பெறும்.

2005இல் ஆர்.என்.ஏ. ஒப்பீடும் மர அளவுகோலும் குடல் ஆய்வில் சந்தித்தன எனலாம். அவ்வாண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, நலமுள்ள மூவரின் குடலிலிருந்து 13,355 ரைபோசோம் வரிசைகளைப் பெற்று, 395 பாக்டீரிய வகைகளைப் பிரித்தறிந்தது. பெரும்பாலானவை அதுவரை யாரும் வளர்த்திராதவை. பாக்டீரியா அல்லாத மற்றொரு நுண்ணுயிர்ப் பிரிவான ஆர்க்கியாவில் கிடைத்தது ஒரே வகை, மீத்தேன் ஆக்கும் ஒன்று. அதே ஆண்டு கேத்தரின் லோசுபோன், ராப் நைட் இருவரும் ‘யூனிஃப்ராக்’ அளவை வெளியிட்டனர். இரு மாதிரிகளுக்கும் சேர்த்து ஒரே மரம் வரைந்து, ஒன்றில் மட்டும் காணப்படும் கிளைநீளம் மொத்தத்தில் எத்தனை பங்கு என அது கேட்கிறது. கேள்வியின் எளிமையே அதன் அழகு. வகைகளின் மிகுதியையும் சேர்த்துக்கொள்ளும் வடிவம் 2007இல் வந்தது. 2012இல் வெனிசுவேலா, மலாவி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 531 பேரை ஒப்பிட்ட ஆய்வில் அமெரிக்கர் குடலில் பன்மை குறைவாக இருந்தது.

ஃபெய்த்தின் அளவு, மாதிரியை எவ்வளவு ஆழமாக வரிசைப்படுத்தினோம் என்பதைப் பொறுத்து ஏறும். மிகுதியைக் கணக்கில் எடுக்கும் அளவுகள் இதற்கு அசைந்துகொடுப்பதில்லை என்றும், நுண்ணுயிர்க் கூட்டங்களின் நிலைகளை நன்கு பிரித்துக்காட்டுகின்றன என்றும் மெக்காய், மேட்சன் இருவரும் 2013இல் வாதிட்டனர்.

பன்மை மிகுந்தால் நலம் என்பது எல்லா உறுப்புக்கும் பொருந்தாது. பாக்டீரிய யோனியழற்சியில் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் குறைந்து பன்மை கூடுகிறது. ஆனால் 2011இல் நோயறிகுறியற்ற 396 பெண்களை ஆராய்ந்தபோது, கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோரிடம் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் இல்லை. எனவே உயர்ந்த பன்மையை மட்டும் வைத்து நோய் எனக் கொள்ள இயலாது.

அண்மைக்காலத்தில் முழு மரபணுத்தொகுதிகளைக் கொண்டும் மரங்கள் வரையப்படுகின்றன. ஃபெய்த் அளவும் யூனிஃப்ராக்கும் ‘கைம் 2’ என்ற நுண்ணுயிர் ஆய்வு மென்பொருளின் வழக்கமான கணக்குகளில் இடம்பெறுகின்றன.